குரும்பட்டித் தேரும் கரிய மணலும்

திருகோணமலையிலிருந்து வடக்கே, கடலை வலப்புறமாக வைத்துச் செல்லும் வீதியில், நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்றால் புல்மோட்டையை அடையலாம். வழிநெடுகிலும் வெண்மணலையும் பனையையும் தென்னையையும் கண்டு பழகிய கண்கள் அங்கே ஒரு கணம் திகைத்து நிற்கும். கரை கறுத்துக் கிடக்கும். முகில் ஒன்று தன் நிழலைக் கடற்கரையில் மறந்துவைத்துப் போய்விட்டதோ என்று எண்ணத் தோன்றும். குனிந்து ஒரு கை அள்ளினேன், கை தாழ்ந்தது. சாதாரண மணலைக்காட்டிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கனமுள்ள மணல் அது.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற என்னை, அப்பகுதி உயர்தர வகுப்பு மாணவர்க்கு இரசாயனவியல் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நண்பரொருவர் அழைத்திருந்தார். பேச்சுக்கு முன் கடற்கரையைக் காட்டுவதாகக் கூறி மாணவர் சிலர் என்னுடன் வந்தனர். அவர்களுள் ஒரு மாணவி, பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றியெடுத்த வலிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதை மணலின்மேல் பிடித்தாள். கரிய துகள்கள் தேனீக்கள்போல் வந்து மொய்த்தன. அவற்றை என் உள்ளங்கையில் உதறிவிட்டு அவள் கேட்டாள்:

“சேர், எங்கட மண்ணக் கப்பல்ல ஏத்திக்கொண்டு போறாங்க. கொண்டுபோய் அதால என்னதான் செய்யிறாங்க? வாப்பாக்கிட்டக் கேட்டன்; பெயின்ற் செய்யிறாங்களாம் என்றார். மண் எப்பிடி சேர் பெயின்ற் ஆகும்?”

எளிய கேள்வி. ஆயின் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ‘புல்மோட்டை – இல்மனைற்’ என்று எழுதியவன் நான். பரீட்சைக்கு வேண்டியது அவ்வளவே. அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன நடக்கின்றது என்பதை நான் எந்த மாணவருக்கும் சொன்னதில்லை. எந்த மாணவரும் கேட்டதுமில்லை. கேட்டவள் அந்த மண்ணிலேயே பிறந்தவள். அவளுக்கு அன்று நான் சொன்னதையும், சொல்ல இயலாது வீட்டுக்கு வந்து எண்ணியதையும் வாசக அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் மணலின் கதை. நடுநாட்டு மலைகளின் தொன்மையான பாறைகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து துகளாகின்றன. ஆறுகள் அத்துகளைக் கடலிற் சேர்க்கின்றன. நம் பெண்கள் சுளகிலே நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதுபோல, அலைகள் இலேசான மணலை அப்பால் தள்ளிக் கனத்த மணலைக் கரையில் நிறுத்துகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இப்புடைத்தல் ஓங்கி நடைபெறும். இவ்வாறு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளத்துக்குச் சேர்ந்த படிவமே புல்மோட்டைப் படிவம். அதிலே பத்துக்கு ஏழு பங்கு இல்மனைற் என்னும் கரிய கனிமம். எஞ்சியதில் ரூற்றைலும் சிர்க்கோனும் முக்கியமானவை. மொனசைற் மிகச் சிறிதளவு உண்டு. எடை வேறுபாட்டாலும், காந்தத்தாலும், மின்னேற்றத்தாலும் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தெடுக்கின்றனர். அம்மாணவியின் காந்தம் செய்த வேலையைத்தான் அங்கே பெரிய இயந்திரம் செய்கின்றது.

இம்மண்ணை எடுத்து விற்பதற்கென ஓர் அரச கூட்டுத்தாபனம் 1957 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்காலம் தொட்டு யப்பான் முதலிய நாடுகளுக்கு இது கப்பலேறியுள்ளது. போர்க்காலத்தில், 1997 செப்ரெம்பரில், இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிற்றி’ என்னும் கப்பல் தாக்கப்பட்டு இக்கரையருகே மூழ்கியது. மணலோடு மனித உயிர்களும் கடலிற் போன நாள் அது. இத்தனையும் எதன்பொருட்டு?

தைத்தேனியம் என்னும் உலோகத்தின்பொருட்டு. இல்மனைற் என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். இவ்வுலோகம் உலகுக்குத் தெரியவந்த வரலாறும் ஒரு கரிய மணலிலேயே தொடங்கிற்று. 1791 இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில், வில்லியம் கிரெகர் என்னும் மதகுரு, அயலூர் ஓடையொன்றிற் கிடைத்த கரிய மணலை வீட்டில் வைத்து ஆராய்ந்தார். காந்தத்துக்கு இழுபடும் அம்மணலிலே இரும்பு நீங்கலாகத் தாம் அறியாத வேறொரு பொருளும் இருப்பதைக் கண்டார். 1795 இல் கிளாப்ரோத் என்னும் ஜேர்மானிய அறிஞர் அதற்குப் பெயர் சூட்டினார். நம்மவருள்ளும் அத்தகைய ஒருவர் இருந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமியைக் கலைஞானி என்றே நாம் போற்றுகின்றோம். அவர் இளமையில் இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தவர் என்பதும், தோரியனைற் என்னும் கனிமத்தை 1904 இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் என்பதும் பலர் நினைவில் இல்லை. நடராசரின் திருவடிவைக் கண்டு விளக்கிய அதே கண்கள் கல்லையும் மணலையும் கண்டு விளக்கியவை.

இனி, மண் பெயின்ற் ஆகும் விந்தைக்கு வருவோம். இல்மனைற்றைக் கடும் அமிலத்திலே கரைத்து, இரும்பை நீக்கி, எஞ்சியதை நீரோடு வினைபுரியச் செய்து சூடாக்கினால், பாலைப் பழிக்கும் வெண்மையான தூள் கிடைக்கும். அதுவே தைத்தேனியமீரொட்சைட்டு. கரிய மண்ணின் வயிற்றில் வெண்மை இருந்தது. நம் வீட்டுச் சுவர்ப் பூச்சிலும், எழுதும் கடதாசியிலும், பிளாத்திக்குப் பொருள்களிலும் வெண்மை தருவது பெரும்பாலும் இத்தூளே.

ஆயின் இத்தூளின் உண்மையான வியப்பு அதன் நிறத்தில் இல்லை, அளவிலே இருக்கின்றது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். பெயின்ற்றில் இடும் துகள் ஏறத்தாழ 250 நனோமீற்றர் குறுக்களவுடையது. அவ்வளவில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை நாற்றிசையும் சிதறடிக்கும். ஆதலால் வெள்ளையாகத் தோன்றும். அதே பொருளைச் சில பத்து நனோமீற்றர் அளவினதாக ஆக்கினால் வெண்மை மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தன்வழியே போகவிட்டு, தோலைச் சுடும் புறஊதாக் கதிரை மட்டும் தடுக்கும். வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் அது சேர்வது இதனால்தான். பொருள் ஒன்றே, அணுக்களும் அவையே. அளவு மாறியது, குணம் மாறிற்று.

அளவு குறையக் குறைய மேற்பரப்புப் பெருகும் என்பதையும் இங்கே கருத வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள சிறு கட்டி ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். ஒரு தபால் முத்திரையின் அளவு. அக்கட்டியைப் பத்து நனோமீற்றர்ப் பக்கமுள்ள நுண் கட்டிகளாகக் கூறுபோட்டால், அவற்றின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 600 சதுர மீற்றர் ஆகும். நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 24 பேர்ச் காணி. விரல்நுனியில் அடங்கும் பொருளுக்குள் வீடு கட்டும் வளவு ஒன்று ஒளிந்திருக்கின்றது. இரசாயன வினைகள் மேற்பரப்பிலேயே நிகழ்வன. ஆதலால் அந்த வளவு முழுவதும் நமக்குப் பயிர்நிலம்.

இத்தகைய நுண் துகளைப் பெறுவது எங்ஙனம்? இரு வழிகள் உண்டு. ஒன்று, பெரியதை உடைத்து அரைத்துச் சிறியதாக்குவது, கல்லுடைப்பவன் வழி. மற்றது, மூலக்கூறுகளிலிருந்து தொடங்கி ஒன்றோடொன்றைக் கோத்துக் கட்டிக்கொண்டு போவது, கொத்தனார் வழி. இரண்டாவது வழிக்கு நம் வீட்டிலேயே ஓர் உவமை உண்டு. இரவிலே பாலுக்கு உறை ஊற்றி வைக்கின்றோம். ஓடித் திரிந்த பால் காலையில் கட்டித் தயிராகி நிற்கின்றது. பாலிலிருந்த நுண் உருண்டைகள் ஒன்றையொன்று பற்றிப் பானை முழுவதும் ஒரு வலையாகப் பின்னிக்கொண்டதன் விளைவு அது. அதுபோலவே, தைத்தேனியம் தாங்கிய மூலக்கூறுகளோடு சிறிது நீர் சேர்த்தால், அவை தத்தம் புறக்கைகளை உதிர்த்துவிட்டு ஒட்சிசனை நடுவே வைத்து ஒன்றோடொன்று கைகோக்கும். இரண்டு நான்காகி, நான்கு நூறாகி, நுண் துகளாகும். துகள்கள் பின்னி வலையாகும். நீரின் அளவும் சூடும் புளிப்பும் மாறினால் வலையின் வடிவும் மாறும். பதம் தெரிந்தவளுக்கே தயிர் உறையும் என்பது வீட்டுக்குப்போல் ஆய்வுகூடத்துக்கும் பொருந்தும்.

இவ்வாறு கட்டிய பொருளால் ஆவது என்ன? 1991 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓறீகன், மைக்கேல் கிரெற்செல் என்னும் இருவர், சில நனோமீற்றர் அளவுள்ள தைத்தேனியமீரொட்சைட்டுத் துகள்களை மெல்லிய படலமாக அடுக்கினர். ஒவ்வொரு துகளின் மேனியிலும் சாய மூலக்கூறுகளை ஒரு படை ஒட்டினர். சாயம் வெயிலை வாங்கியது. துகள் மின்னை வாங்கிக் கடத்திற்று. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதிய கலம் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள், 1995 இல், நம் கண்டி மாநகரின் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோனும் அவர்தம் குழுவினரும் அக்கலத்திலிருந்த திரவத்தை நீக்கி, அதனிடத்தில் செம்பு அயடைட்டு என்னும் திண்மத்தை வைத்து, முற்றிலும் திண்மமான கலமொன்றை அமைத்துக் காட்டினர். அதற்கு அவர்கள் எடுத்த சாயம் மலர்களுக்குச் செந்நிறம் ஊட்டும் சயனிடின். துகள், பூவின் சாயம், செம்பின் உப்பு ஆகிய மூன்றையும் உரிய முறையில் அடுக்கியதன் பயன் மின்சாரம். தனித்தனியே எடுத்தால் மூன்றில் எதுவும் அதைத் தராது.

இவ்வளவும் கூறக் கேட்டுக்கொண்டிருந்த மாணவி, மெல்ல, “நனோ என்றா எங்களுக்கு உரம்தான் சேர் தெரியும்” என்றாள். உடனிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி நாட்டில் தடைசெய்யப்பட்டதும், விவசாயிகள் வெறுங்கையோடு வயலைப் பார்த்து நின்றதும், அவ்வாண்டு ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்னும் திரவ உரம் விமானத்தில் வந்திறங்கியதும், நவெம்பரில் தடை நீங்கியதும் யாவரும் அறிந்தவை. ஊரின் காதில் அச்சொல் முதலில் விழுந்தது அந்தப் பதற்றத்தின் நடுவிலேதான்.

ஆயின் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 2008 இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தில் நில்வலா கொட்டேகொட முதலிய ஆய்வாளர்கள், யூரியாவை ஒரு புதிய முறையிலே கட்டி, அதன் விவரத்தை 2017 இல் வெளியிட்டனர். யூரியா நீரிலே விரைந்து கரைவது. வயலில் வீசிய யூரியாவிற் பெரும்பகுதி, பயிர் உண்ணுமுன் நீரோடு ஓடியும் காற்றோடு கலந்தும் வீணாகின்றது. எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்று வகையான ஐதரொட்சி அபற்றைற்றை அவர்கள் நனோத் துகளாக்கினர். அத்துகளின் பரந்த மேனியிலே யூரியா மூலக்கூறுகள் மெல்லிய பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டன. எடையில் ஒரு பங்கு துகளுக்கு ஆறு பங்கு யூரியா. நீரில் இட்டபோது வெறும் யூரியா விரைந்து கரைந்தோட, இது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்திலேயே யூரியாவை விட்டது. நெல்வயலிலே, வழமையான யூரியாவிற் பாதியளவே இட்டும் விளைச்சல் குறையவில்லை. சற்று மேம்பட்டது என்றே அவர்கள் அறிவித்தனர்.

அங்கே யூரியாவும் புதிதன்று, எலும்பின் உப்பும் புதிதன்று. இரண்டையும் இணைத்த விதமே புதிது. கொட்டிவிட்டால் ஓடிப்போகும் சோற்றை, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கவளம் கவளமாக ஊட்டும் கையாக அந்த இணைப்பு ஆயிற்று. சிறு கூறுகளைக் கொண்டு தொழில் செய்யும் பொருளைக் கட்டுதல் என்று விஞ்ஞானிகள் கூறுவதன் சாரம் இதுவே.

பாடசாலைக்குத் திரும்பினோம். மூலக்கூறு மாதிரி செய்வதற்கான பந்தும் குச்சியும் அடங்கிய பெட்டி உண்டா என்று கேட்டேன். இல்லை. என் காலத்தில் நான் கற்பித்த வகுப்பறைகள் பலவற்றிலும் அது இருந்ததில்லை, ஆகவே வியக்கவில்லை. முற்றத்துத் தென்னையின் கீழ் உதிர்ந்து கிடந்த குரும்பட்டிகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். ஓலையிலிருந்து ஈர்க்கும் எடுப்பித்தேன். சிறுவயதில் குரும்பட்டித் தேர் செய்யாதவர் நம்முள் யார்? ஈர்க்கை ஈர்க்கோடு குரும்பட்டியாற் பொருத்தி, சில்லு வைத்து, செவ்வரத்தம் பூச் சூட்டி, ஒழுங்கையிலே இழுத்துச் சென்ற தேர் அது.

ஒரு பகுதியினரிடம், ஒவ்வொரு குரும்பட்டியிலும் மூன்று ஈர்க்குகளை ஒரே தளத்தில், சமமான இடைவெளி விட்டுக் குத்துமாறு சொன்னேன். மற்றப் பகுதியினரிடம், நான்கு ஈர்க்குகளை எட்டியமட்டும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி நாற்புறமும் குத்துமாறு சொன்னேன். பின்பு கோத்துக்கொண்டே போங்கள் என்றேன். முன்னவர் கட்டியது மேசைமேல் விரித்த வலைபோல் படர்ந்தது. அறுகோணம் அறுகோணமாகத் தேன்கூட்டை ஒத்தது. அத்தகைய வலையை வலைமேல் அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பின்னவர் கட்டியது மேலும் கீழும் பக்கமும் வளர்ந்து, அழுத்தினாலும் அசையாது நின்றது. “முதலாவது, போகலைச் சுரங்கத்தில் எடுக்கும் பென்சிற்கரி; இரண்டாவது, வைரம். இரண்டிலும் இருப்பது ஒரே காபன்” என்றேன். வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. பின்பு எல்லாரும் ஒருங்கே பேசத் தொடங்கினர். ஆசிரியர்களுக்கு அந்த அமைதியும் தெரியும், அதன் பின் எழும் அந்த ஆரவாரமும் தெரியும்.

அப்போதுதான் அவர்களுக்கு அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் கதையைச் சொன்னேன். 1974 இல் ரிச்சர்ட் றொப்சன் என்னும் அவர், மாணவர்க்கு மூலக்கூறு மாதிரிகள் செய்துகாட்ட மரப்பந்துகளில் துளையிடுவிக்க வேண்டியிருந்தது. எந்தப் பந்தில் எத்திசையில் துளையிட வேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தார். துளையிட்ட பந்துகள் வந்து, அவற்றைப் பொருத்தியபோது ஓர் உண்மை அவருக்குப் பளிச்சிட்டது. கட்டடத்தின் வரைபடம் முழுவதும் துளைகளின் இடத்திலேயே அடங்கியிருக்கின்றது. துளை சரியாக இருந்தால் கட்டடம் தானே சரியாக எழும். அணுக்களுக்குப் பதிலாக முழு மூலக்கூறுகளையே கட்டுகற்களாகக் கொண்டால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் பல்லாண்டு உள்ளத்திலே கிடந்தது. 1989 இல் செம்பு அயன்களை மூட்டாகவும், நான்கு கைகளுள்ள மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த பளிங்கு ஒன்றைக் கட்டிவிட்டார்.

யப்பானின் சுசுமு கித்தகாவா, அத்தகைய கட்டடங்களுக்குள் வாயுக்கள் புகுந்து வெளிவரக்கூடும் என்று காட்டினார். ஜோர்தானில் பலஸ்தீன அகதிக் குடும்பத்திற் பிறந்து அமெரிக்கா சென்ற ஒமர் யாகி, அவற்றை உறுதியாகவும் வேண்டிய வடிவிலும் கட்டும் முறைகளை வகுத்தார். பாலைநிலக் காற்றிலிருந்து அத்தகைய பொருளால் நீர் எடுத்தும் காட்டினார். 2025 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் கரிய மணலின் உலோகமும் இக்கட்டடக்கலையிலே இடம்பெற்றுள்ளது. தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த வளையங்களை மூட்டாக வைத்து, ஒளிக்கு வினைபுரியும் நுண்துளைப் பளிங்கு ஒன்றைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2009 இல் வெளியிட்டனர்.

வகுப்பறை மாதிரிப் பந்தில் ஓர் ஆசிரியருக்குத் தோன்றிய எண்ணம் நோபல் பரிசில் முடிந்தது என்று கேட்டபோது அம்மாணவர் முகங்களிலே தோன்றிய ஒளியை நான் எளிதில் மறவேன். ஆயினும் அவர்களுக்கு மயக்கம் ஊட்டிவிட்டுவர நான் விரும்பவில்லை. நனோ என்னும் சொல் மந்திரமன்று. சிறிய துகள் நுரையீரலுக்குள்ளும் எளிதிற் புகக்கூடியது. உணவுக்கு வெண்மையூட்டத் தைத்தேனியமீரொட்சைட்டைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடைசெய்தது. கட்டும் அறிவோடு, கட்டியது பின்பு எங்கே போய்ச் சேரும் என்று ஆராயும் அறிவும் வேண்டும். கரையிலிருந்து எடுக்கும் மண்ணுக்கும் அளவு வேண்டும். அலை கொண்டுவந்து சேர்க்கும் வேகத்தைக்காட்டிலும் வேகமாக அள்ளினால் கரை என்னாகும் என்று அக்கரையில் வலை இழுப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் என் உள்ளத்தை அரித்தது வேறொன்று. இலங்கை இல்மனைற்றிலிருந்து தைத்தேனியமீரொட்சைட்டு நனோக் கோல்களைத் தீங்கு குறைந்த முறையிற் பிரித்தெடுக்கும் வழியை நம் நாட்டு ஆய்வாளர் 2020 இல் வெளியிட்டிருக்கின்றனர். கண்டிக் கலமும் நம் நாட்டதே; யூரியாக் கட்டும் நம் நாட்டதே. ஆயின் இவை யாவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எவருடைய காலடி மண் இது, எவருடைய வயலுக்கான உரம் அது என்று கேட்டால் விடையாகக் கிடைக்கும் பிள்ளைகள் தமிழிலே படிக்கின்றனர். அவர்கள் கைக்கு எட்டுவது ‘புல்மோட்டை – இல்மனைற்’ என்னும் ஒற்றை வரி மட்டுமே. கல் விற்பவனுக்குக் கல்லின் விலைதான். கட்டத் தெரிந்தவனுக்கே வீடு. கட்டும் வித்தை இன்னொரு மொழியில் பூட்டிக் கிடக்குமட்டும், நாம் கல் விற்பவராகவே இருப்போம்.

தமிழால் இது இயலாது என்று எவரும் சொல்லவேண்டாம். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று நமக்காகச் செய்த காரியம் அது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், நம் வீட்டு முற்றத்து மணலைப் பற்றி நம் மொழியில் நாமே எழுதத் தயங்கினால் அது மொழியின் குறையாகாது. எம்போன்ற ஆசிரியரின் குறை. முப்பது ஆண்டு அந்த ஒற்றை வரியோடு நின்றவன் என்ற முறையில், அக்குறையில் என் பங்கை ஒப்புக்கொண்டே இதை எழுதுகின்றேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறிது. அடுத்த முறை கனிமங்களின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதும்போது, ஒவ்வொன்றின் எதிரிலும் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். இது எங்கே போகின்றது. அங்கே இதைக்கொண்டு எதைக் கட்டுகின்றனர். ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படிக்க வாய்ப்புடையோர் அதன் சாரத்தை ஒரு பக்கத் தமிழில் எழுதிப் பாடசாலைச் சுவரில் ஒட்டுங்கள். பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தென்னை உள்ள ஊரில் மாதிரிக்குப் பஞ்சமில்லை.

நான் புறப்படுகையில் அம்மாணவி தன் குரும்பட்டிக் கட்டடத்தைக் கையிலேந்தி வாசல்வரை வந்தாள். நான்கு கை கொண்ட கட்டடம்; வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது.

“சேர், துளை எங்க போடணும் என்று முதல்ல யோசிக்கிற ஆள் யாரு? அவரு என்ன படிச்சிருக்கணும்?”

“இரசாயனம் படிச்சிருக்க வேணும், மகள். கணிதமும் வேணும்” என்றேன்.

“தமிழ்ல படிச்சா காணுமா சேர்?”

“தொடங்குவதற்குக் காணும்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பேருந்தில் ஏறி அமர்ந்தபின், சட்டைப்பையில் ஏதோ கனத்தது. அவள் காந்தத்திலிருந்து உதறித் தந்த கரிய மணல், கடதாசியில் மடித்தபடி இருந்தது. அதை என் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதி முடிக்கின்றேன்.